சேறு பிழிந்த நீர்

விடியற்காலையில் மரம் வெட்டி, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு பால் நிறுக்கும் இடத்திற்கு வரும் தோட்டத் தொழிலாளருக்கு அமோனியாவைப் பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பால் உறைந்துவிடாமல் இருப்பதற்காக அதில் அமோனியா சேர்க்கப்படுகிறது. மூடியைத் திறந்தவுடன் மூக்கைத் துளைத்துக் கண்ணில் நீரை வரவழைக்கும் அந்த நெடி நமக்குப் பழக்கமானதே.

அதே அமோனியா ஆற்று நீரில் கலந்துவிட்டால் என்ன நேரும்? 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஜொகூர் ஆற்றில் அமோனியா அளவுக்கு மீறிக் காணப்பட்டது. அந்த ஆற்றிலிருந்து நீரெடுத்துச் சுத்திகரிக்கும் சிங்கப்பூர்ப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் நிலையம் தன் வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. அதே ஆற்றை நம்பியிருந்த ஜொகூர் மாநில நிலையங்களும் நின்றன. ஆறு நிறையத் தண்ணீர் ஓடியும், குழாயில் தண்ணீர் வராத நிலை ஏற்பட்டது.

ஆற்றுக்கு அமோனியா பல வழிகளில் வருகிறது. வயல்களிலிருந்தும், கால்நடைப் பண்ணைகளிலிருந்தும், ஆலைகளிலிருந்தும், குப்பை மேடுகளிலிருந்தும், வீடுகளின் மலநீரிலிருந்தும் அது வரக்கூடும். இவற்றுள் அதிகம் பேர் அறியாத வழி ஒன்று உண்டு. மலநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்திற்குள்ளேயே, சுத்தம் செய்யும் வேலையின் விளைவாகவே, அமோனியா மிகுந்த நீர் ஒன்று உண்டாகிறது. அது சேற்றைப் பிழிவதால் வெளிவரும் நீர். இக்கட்டுரையில் அதனைப் ‘பிழிநீர்’ என்று குறிப்பிடுவோம். அது எவ்வாறு உண்டாகிறது, அதில் என்னென்ன மாசுகள் அடங்கியுள்ளன, அதனை அடக்குவது எவ்வாறு என்பவற்றை நாம் அறிந்துகொள்வது நலம்.

சேறு பிறக்கும் விதம்

கழிவறையிலிருந்தும் சமையலறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் வெளியேறும் மலநீர், பார்வைக்கு அருவருப்பாக இருந்தாலும், அதில் ஆயிரத்தில் 999 பங்குக்கு மேல் வெறும் தண்ணீரே. எஞ்சிய ஒரு பங்குக்கும் குறைவான பொருளே தூய்மைக்கேட்டுக்குக் காரணம். அந்தச் சிறு பங்கைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுப்பதுதான் சுத்திகரிப்பு நிலையத்தின் வேலை.

முதலில் மலநீரைப் பெரிய தொட்டியில் அமைதியாக நிற்க விடுகின்றனர். கனமான பொருள்கள் அடியில் படிகின்றன. பின்னர் மேலே நிற்கும் நீருக்குள் காற்றைச் செலுத்துகின்றனர். காற்றிலுள்ள பிராணவாயுவைப் பெற்று நுண்ணுயிர்கள் பெருகி, நீரில் கரைந்துள்ள அழுக்கை உண்கின்றன. 1914ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் ஆகிய இருவரும் வகுத்துக் காட்டிய முறை இது. நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் உலகெங்கும் நகரங்கள் இம்முறையை நம்பியே வாழ்கின்றன.

அழுக்கை உண்டு கொழுத்த நுண்ணுயிர்களும் இறுதியில் அடியில் படிகின்றன. முதல் தொட்டியில் படிந்ததும் இரண்டாம் தொட்டியில் படிந்ததும் சேர்ந்ததே கழிவுச் சேறு. மேலே தெளிந்த நீர் ஆற்றுக்குப் போகிறது. சேறு நிலையத்திலேயே தங்குகிறது. பொதுமக்கள் பெரும்பாலும் தெளிந்த நீரையே பார்க்கின்றனர். ஆயினும் ஊரின் அழுக்கில் பெரும்பகுதி அந்தச் சேற்றுக்குள் ஒளிந்திருக்கிறது.

இந்தச் சேற்றிலும் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் தண்ணீரே. அதனை அப்படியே லோரியில் ஏற்றிச் செல்வது தண்ணீரைச் சுமப்பதற்கு ஒப்பாகும். ஆகவே பெரிய நிலையங்களில் சேற்றைக் காற்றுப் புகாத தொட்டியில், ஏறத்தாழ 35 பாகை வெப்பத்தில், இரண்டு மூன்று வாரங்கள் வைத்துச் செரிக்கச் செய்கின்றனர். அப்போது எரியக்கூடிய மீத்தேன் வாயு கிடைக்கிறது. பின்னர் வேகமாகச் சுழலும் இயந்திரத்திலோ, துணிப்பட்டைகளுக்கிடையே அழுத்தும் இயந்திரத்திலோ சேற்றைப் பிழிகின்றனர். ரப்பர் ஆலையில் உறைந்த பாலை உருளைகளுக்கிடையே விட்டு நீரைப் பிழிந்தெடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு பக்கம் கட்டிச் சேறு விழுகிறது. மறுபக்கம் பழுப்பு நிறமான நீர் வடிகிறது. அதுவே பிழிநீர்.

பிழிநீரில் இருப்பவை

பிழிநீரின் முதல் மாசு அமோனியா. நாம் உண்ணும் பருப்பு, மீன், இறைச்சி முதலியவற்றிலுள்ள புரதத்தில் நைட்ரஜன் அடங்கியிருக்கிறது. அது மலநீர் வழியாகச் சேற்றைச் சேர்கிறது. காற்றில்லாத தொட்டியில் சேறு செரிக்கும்போது, புரதம் சிதைந்து அமோனியாவாக நீரில் கரைகிறது. கரைந்த பொருளைத் துணியாலோ சல்லடையாலோ தடுக்க இயலாது. ஆகவே சேற்றைப் பிழியும்போது அமோனியா நீரோடு வெளியேறுகிறது. சாதாரண மலநீரில் ஒரு லிட்டருக்கு 20 முதல் 50 மில்லிகிராம் வரை இருக்கும் அமோனியா நைட்ரஜன், செரித்த சேற்றின் பிழிநீரில் 500 முதல் 1,500 மில்லிகிராம் வரை இருக்கக்கூடும்.

இரண்டாவது மாசு பாஸ்பேட். மரத்திற்கு உரமாகும் இப்பொருள் ஆற்றிலும் ஏரியிலும் பாசிக்கு உரமாகிவிடுகிறது. பாசி மிகுந்து, மடிந்து, அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து மீன்கள் மாள்கின்றன.

இவற்றோடு பிழியும்போது தப்பிவந்த நுண்ணிய சேற்றுத் துகள்களும், இன்னும் செரிக்காத அழுக்கும், அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடும் கலந்திருக்கின்றன. ஈயம், காட்மியம், செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்கள் பெரும்பாலும் கட்டிச் சேற்றோடு ஒட்டிக்கொள்கின்றன. எனினும் துகள்கள் எவ்வளவு தப்புகின்றனவோ, அவ்வளவுக்கு உலோகங்களும் நீரோடு வரும்.

அளவு சிறிது, சுமை பெரிது

“பிழிநீர் மிகக் கொஞ்சந்தானே, அதனால் என்ன கெடுதல்?” என்று கேட்கத் தோன்றலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு நிலையத்திற்கு நாளொன்றுக்கு ஓர் இலட்சம் லிட்டர் மலநீர் வருவதாகக் கொள்வோம். லிட்டருக்கு 40 மில்லிகிராம் வீதம் அதில் 4 கிலோ அமோனியா நைட்ரஜன் இருக்கும். அந்நிலையத்தின் பிழிநீர், மலநீரில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 1,000 லிட்டர் மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். 200 லிட்டர் பிடிக்கும் பீப்பாய்கள் ஐந்தில் அது அடங்கிவிடும். ஆனால் லிட்டருக்கு 800 மில்லிகிராம் வீதம் அந்த ஐந்து பீப்பாய்களில் 800 கிராம் அமோனியா நைட்ரஜன் இருக்கும். நீரின் அளவோ நூற்றில் ஒன்று. மாசின் சுமையோ வந்ததில் ஐந்தில் ஒரு பங்கு.

அது ஆற்றில் கலந்தால் விளைவு என்ன? அமோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது, ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனுக்கு நான்கரைக் கிராமுக்குச் சற்று மேற்பட்ட பிராணவாயுவை நீரிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. நம் நாட்டு வெப்பத்தில் நல்ல ஆற்று நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் பிராணவாயுவே கரைந்திருக்கும். எனவே அந்த ஐந்து பீப்பாய் பிழிநீர், ஏறத்தாழ நாலரை இலட்சம் லிட்டர் ஆற்று நீரிலுள்ள பிராணவாயு முழுவதையும் விழுங்கவல்லது. ஓடும் ஆறு காற்றிலிருந்து புதிதாகப் பிராணவாயுவைப் பெற்றுக்கொள்ளும் என்பது உண்மையே. ஆயினும் மழையின்றி நீர் குறைந்த காலத்தில் அதற்கு அந்த வலிமை இருப்பதில்லை.

குடிநீருக்கு வரும் இடையூறு வேறு. நம் நாட்டில் குடிநீரில் அமோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது விதி. மணலில் வடிகட்டினால் கலங்கல் போகும், கரைந்த அமோனியா எளிதில் போகாது. கிருமிகளைக் கொல்லச் சேர்க்கும் குளோரினை அமோனியா பிடித்துக்கொள்கிறது. ஒரு கிலோ அமோனியா நைட்ரஜனை நீக்க 8 முதல் 10 கிலோ வரை குளோரின் செலவாகும். அளவு மீறினால் நிலையத்தை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இதனால் நல்ல நிலையங்கள் பிழிநீரை நேராக ஆற்றில் விடுவதில்லை. மீண்டும் தொடக்கத் தொட்டிக்கே அனுப்புகின்றன. ஆனால் இதிலும் ஒரு தொல்லை உண்டு. பகல் வேலை நேரத்தில் மட்டும் சேற்றைப் பிழிந்தால், அந்தச் சுமை முழுவதும் சில மணி நேரத்தில் ஒரே மூச்சாக வந்து சேர்கிறது. நுண்ணுயிர்களால் அதனைச் சமாளிக்க முடியாமற்போனால், அமோனியா அப்படியே ஆற்றுக்குப் போய்விடும். பிழிநீரைத் தனித் தொட்டியில் தேக்கி, இரவும் பகலும் சிறிது சிறிதாகக் கலப்பது இதற்கு எளிய பரிகாரம்.

குழாயை அடைக்கும் கல், மரத்திற்கு உணவாகும்

பிழிநீரில் அமோனியா, பாஸ்பேட், மக்னீசியம் ஆகிய மூன்றும் ஒன்றுகூடினால் வெண்மையான கல்லாக உறைகின்றன. இதற்கு ஸ்ட்ருவைட் என்று பெயர். 1845ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் மாதா கோயில் ஒன்றின் கட்டட வேலை நடந்தபோது, பழைய சாணப் படிவுகளுக்கிடையே இக்கல் கண்டெடுக்கப்பட்டது. சேறு செல்லும் குழாய்களின் வளைவுகளிலும் நீரிறைக்கும் இயந்திரங்களிலும் இது படிந்து வழியை அடைத்துவிடும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள ஹைப்பீரியன் நிலையத்தில் 1960களில் இத்தகைய அடைப்புப் பெருந்தொல்லையாக இருந்தது.

தொல்லை தரும் இக்கல்லையே பயனுள்ளதாக மாற்றவும் வழி கண்டுள்ளனர். குழாயில் உறைவதற்கு முன், தனித் தொட்டியில் மக்னீசியம் சேர்த்து அதனை வேண்டுமென்றே உறைய வைத்தால், மணிமணியான உரம் கிடைக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் டர்ஹம் நிலையம் 2009ஆம் ஆண்டு முதல் இவ்வாறு உரம் எடுத்து வந்தது. கிறிஸ்துமஸ் தீவிலிருந்து வரும் பாறைப் பாஸ்பேட்டை மரத்தடியில் தூவிப் பழகிய நமக்கு இதன் மதிப்பு தெரியும். பாறையை வெட்டி, கப்பலேற்றிக் கொண்டுவரும் ஒரு பொருளை, மறுபுறம் கழிவு நீரில் கலந்து கடலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

ரோட்டர்டாம் காட்டிய வழி

பிழிநீரின் அமோனியாவை அடக்குவதில் ஹாலந்து நாட்டின் ரோட்டர்டாம் நகரம் உலகிற்கே முன்மாதிரியாயிற்று. அங்குள்ள டோக்ஹாவன் நிலையம் 1987ஆம் ஆண்டில் நகரத்தின் நடுவே தரைக்கடியில் அமைக்கப்பட்டது. இடம் நெருக்கடியானதால் அதனை விரிவாக்குவது கடினம். சேற்றிலிருந்து வடியும் நீரைத் தனியாகச் சுத்தம் செய்தால், பெரிய நிலையத்தின் சுமை குறையும் என்று அங்குள்ளவர்கள் கண்டனர்.

1990களில் டெல்ஃப்ட் நகர ஆராய்ச்சியாளர்கள், ஈஸ்ட் தயாரிக்கும் ஆலையொன்றின் கழிவுநீரில் புதுவகை நுண்ணுயிரைக் கண்டிருந்தனர். அமோனியாவின் ஒரு பகுதியை முதலில் நைட்ரைட்டாக மாற்றிக் கொடுத்தால், அந்நுண்ணுயிர் மீதி அமோனியாவையும் நைட்ரைட்டையும் இணைத்து, காற்றில் கலந்துவிடும் தீங்கற்ற நைட்ரஜன் வாயுவாக ஆக்கிவிடும். இதற்குக் காற்றைச் செலுத்தும் செலவு பாதிக்கும் கீழே குறைகிறது. இந்த முறையை முழு அளவில் செயற்படுத்திய உலகின் முதல் தொட்டி, 2002ஆம் ஆண்டில் ரோட்டர்டாமில் பிழிநீருக்காகவே தொடங்கப்பட்டது.

ஆனால் வெற்றி உடனே கிட்டவில்லை. சாதாரண நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் இரட்டிப்பாகும். இந்தச் செந்நிற நுண்ணுயிருக்கு ஒரு முறை இரட்டிப்பாக ஏறத்தாழ 11 நாள் ஆகும். தொட்டி முழு வலிமையோடு வேலை செய்ய மூன்றரை ஆண்டுகள் பிடித்தன. நட்ட ரப்பர்க் கன்று பால் தர ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்கும் நமக்கு, அந்தப் பொறுமையின் அருமை புரியும். அவ்வாறு வளர்ந்த நுண்ணுயிரைக் கொண்டு பின்னர் வேறிடங்களில் விரைவாகத் தொட்டிகளைத் தொடங்க முடிந்தது. வெப்பம் மிகுந்த நம் பகுதிக்கு இதில் ஒரு நற்செய்தியும் உண்டு. சிங்கப்பூரின் சாங்கி நிலையத்தில், எவரும் கொண்டுவந்து விடாமலேயே, இவ்வகை நுண்ணுயிர்கள் தாமாகவே வளர்ந்து அமோனியாவை நீக்கி வருவதை ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்துள்ளனர்.

நம் நாட்டில்

மலேசியாவில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974ஆம் ஆண்டில் நிறைவேறியது. அதன்கீழ் 1978ஆம் ஆண்டில் ரப்பர் ஆலைகளின் கழிவுநீரைக் கட்டுப்படுத்தும் விதிகளும், 2009ஆம் ஆண்டில் மலநீர் பற்றிய விதிகளும் வகுக்கப்பட்டன. 2009ஆம் ஆண்டு விதிகளின்படி, குடிநீர் எடுக்கும் இடத்திற்கு மேற்புறத்தில் ஆற்றில் விடப்படும் நீரில், புதிய நிலையங்களுக்கு அமோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமே எல்லை. பிழிநீரில் அது போல் ஐம்பது மடங்கு முதல் நூற்றைம்பது மடங்கு வரை இருக்கலாம் என்பதை மேலே கண்டோம்.

இந்தப் பாடம் நகரத்தாருக்கு மட்டும் உரியதன்று. பாலைச் செறிவாக்கும் ஆலைகளில் பாலோடு சேர்ந்த அமோனியா கழிவுநீருக்குப் போகிறது. எஞ்சிய பாலை உறைய வைக்கச் சேர்க்கும் கந்தக அமிலம், காற்றில்லாத குளத்தில் ஹைட்ரஜன் சல்பைடாக மாறி நாற்றம் வீசுகிறது. அக்குளங்களின் அடியிலும் சேறு படிகிறது. குளத்தைத் தூர்வாரிச் சேற்றைக் கரையில் குவித்தால், அதிலிருந்து வடியும் நீரும் பிழிநீரே. அது கால்வாய்க்குப் போகிறதா, மீண்டும் குளத்திற்கே போகிறதா என்பதைக் கவனிப்பது அவசியம். நம் குடியிருப்புகளின் மலத்தொட்டிகளுக்கும் இதுவே நியதி. தொட்டி நிரம்பினால் சேறே நீரோடு வழிந்து கால்வாய்க்குப் போகும்.

நாம் செய்ய வேண்டியவை

1. வீட்டு மலத்தொட்டியை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, அனுமதி பெற்ற லோரியைக் கொண்டு சுத்தம் செய்விக்க வேண்டும். எடுத்த சேற்றைக் கால்வாயிலோ காட்டிலோ கொட்ட இடங்கொடுக்கலாகாது.

2. மலத்தொட்டிக்குள்ளோ, சேற்றுக் குழிக்குள்ளோ எவரும் இறங்கலாகாது. ஹைட்ரஜன் சல்பைடு மிகுந்தால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றது என்று எண்ணி இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். முதலில் உதவிக்கு ஆளழைப்பதே உயிரைக் காக்கும் செயல்.

3. களைக்கொல்லி, பழைய எண்ணெய், சாயம் முதலியவற்றைக் கழிவறையில் ஊற்றலாகாது. அவை அழுக்கை உண்ணும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்.

4. பச்சைச் சேற்றைக் காய்கறிப் பாத்திக்கு உரமாகப் போடலாகாது. வயிற்றுப் பூச்சியின் முட்டைகள் அதில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

5. ஓடை நீர் நிறம் மாறினாலோ, நெடி வீசினாலோ, மீன்கள் செத்து மிதந்தாலோ, இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு தோட்ட நிர்வாகத்திற்கும் சுற்றுச்சூழல் இலாகாவிற்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.

முடிவாக ஒன்றை மனத்தில் இருத்துவோம். அழுக்கு கண்ணைவிட்டு மறைவதால் அழிந்துவிடுவதில்லை. கழிவறையிலிருந்து மலநீருக்கும், மலநீரிலிருந்து சேற்றுக்கும், சேற்றிலிருந்து பிழிநீருக்கும் அது இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. கடைசித் துளி வரை அதனைப் பின்தொடர்ந்து சென்று அடக்கினால்தான் ஆறு பிழைக்கும். நம் குடியிருப்புக்குப் பின்னால் ஓடும் கால்வாய் ஓடையில் சேர்கிறது. ஓடை ஆற்றில் சேர்கிறது. ஆற்றின் கீழ்ப்புறத்தில் எங்கோ ஒரு தாய், பிள்ளைக்குப் பால் கரைக்கக் குழாயைத் திறக்கிறாள்.

படித்தோர் சிந்திக்க

அ. அளவில் மிகக் குறைந்த பிழிநீர், பெரிய நிலையத்திற்குப் பெருஞ்சுமையாவது ஏன்?

ஆ. வடிகட்டுவதால் மட்டும் அமோனியாவை ஏன் நீக்க இயலாது?

இ. நாம் குடியிருக்கும் இடத்திலிருந்து வெளியேறும் கழிவுநீர் எந்த ஓடையில், எந்த ஆற்றில் சேர்கிறது? அந்த ஆற்றிலிருந்து குடிநீர் எடுப்போர் யார்?